பூட்டுக்குள் இருந்த பெயர்

தைனான்,
ஏழாம் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள்

கப்பல் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு வரும்போது இது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கடல் தெய்வம் மாட்சு அன்னையிடம் வேண்டிக்கொண்டு, உங்கள் மனைவி யூ-லியென் வணக்கத்துடன் எழுதுவது.

பிள்ளைகளைக் காக்கும் ஏழு அன்னையரின் திருநாளன்று கோயிலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா ஆ-கிம், அவர் கணவர் வெள்ளித் தட்டார் ஆ-சுவான், அவர்கள் மகன் கோக்-லியாங், பூசாரி ஹோங், எண்ணெய்க் கடைக்கார அம்மாள், அவளுடைய இரண்டு மருமகள்கள், பிறகு நான். உங்கள் அக்கா எழுதும் கடிதத்தில் இந்தப் பட்டியல் சுருங்கியிருக்கும். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள், எல்லோரும் கேட்டார்கள்.

கோக்-லியாங்குக்குப் பதினாறு ஆகிவிட்டதால் அன்னையரின் காவலிலிருந்து அவனை விடுவிக்கும் நாள் அது. பிள்ளை அடியில் தவழ்ந்து வரும் பூஜை மேசைமேல் வைக்கக் காகித மண்டபம் செய்து கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெய்ச் சோறும், நடுவில் குழி வைத்த அரிசி உருண்டையும் நான்தான் செய்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், விடிவதற்கு முன்பே எழுந்து அவ்வளவு ஆசையோடு செய்தேன். நம் சின்-யீ இருந்திருந்தால் அவளும் இந்த வருடம் அந்த மேசைக்கடியில் தவழ்ந்து வந்திருப்பாள். அவளுக்கும் சேர்த்துத்தான் உருண்டை பிடித்தேன்.

பையன் தவழ்ந்து வந்ததும், பிறந்ததிலிருந்து கழுத்தில் கிடந்த வெள்ளிப் பூட்டைப் பூசாரி கழற்றினார். உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே வருடம் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆ-சுவான் ஒரே அச்சில் அடித்த பூட்டுகள் அவை. முகப்பில் எட்டுக் கோட்டுச் சக்கரம், பின்பக்கம் தேளும் பாம்பும், கீழே மூன்று மணி. உள்ளே பிள்ளையின் பெயரும் பிறந்த நேரமும் எழுதிய மந்திரத் தாள். பதினாறில் பூட்டை உடைத்து, அந்தத் தாளைப் படித்து, எரித்தால்தான் பிள்ளை பெரியவனாகிறான்.

ஆ-சுவான் உளியை எடுத்தார். உங்கள் அக்கா குறுக்கே வந்து, "உடைக்க வேணாம், அப்படியே புகையில காட்டிக் குடுத்துடுங்க, அழகான சாமான்" என்றாள். பூசாரி சிரித்துக்கொண்டே, "வெள்ளிக்கா பூஜை, உள்ள இருக்கறதுக்குத்தானே?" என்றார். பூட்டு பிளந்தது. பூசாரிக்குக் கண் மங்கல், தாளை என்னிடம் நீட்டினார். கோயில் குறிச்சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் படித்தவள் என்று உங்கள் அக்கா என்னை எத்தனை விருந்தில் கேலி செய்திருக்கிறாள். அந்தப் படிப்பு போதுமாக இருந்தது. ஆ-சுவான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகப்பன் பெயராக உங்கள் பெயர். அதன் கீழே சின்-யீ. அவள் பிறந்த சேவல் நேரம், அந்தி சாயும் வேளை.

நான் இரண்டாவது முறையும் உரக்கப் படித்தேன்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. சின்-யீயைப் பெற்று நான் அறைக்குள் கிடந்த மாதம் அது. தீட்டோடு கோயில் படி ஏறக் கூடாது என்று நான் போகவில்லை. இரண்டு தாளையும் எழுதி வாங்கி வந்தவள் உங்கள் அக்கா. அவள் கையால் பூட்டுக்குள் போட்டுக் கொடுத்ததை ஆ-சுவான் பற்றவைத்து மூடினார். கோக்-லியாங்குக்கு ஆயுள் கண்டம் என்று சோதிடன் சொன்னதும், மூச்சு வாங்கிக்கொண்டு அவன் கிடந்ததும் நமக்குத் தெரியும். நம் பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்து அதே சோதிடன், நூறு வயது என்றான். அந்த ஆயுளைத்தான் அவள் தன் மகன் கழுத்தில் மாட்டியிருக்கிறாள்.

ஆ-சுவான்தான் கேட்டார். "ஆ-கிம், மாத்திப் போட்டியா?" முதலில் கோயில் ஆள் செய்த தவறு என்றாள். பிறகு எண்ணெய்க் கடைக்கார அம்மாள், "நீதானேடி ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு வந்தே, நானும் கூட வந்தேனே" என்றதும் கத்தினாள். "என் புள்ள நீலம் பாரிச்சுக் கெடந்தான். அவ புள்ள கொழுகொழுன்னு இருந்துச்சு. கொஞ்சம் தாங்கிக்கும்னு நெனச்சேன். சாகும்னா நெனச்சேன்?"

இதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

எட்டு வயதில் காய்ச்சலில் நம் குழந்தை போனபோது நீங்கள் கடலில் இருந்தீர்கள். சாவு வீட்டில் உங்கள் அக்கா பேசியதை இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை. "பூட்டுப் போட்டும் தங்கலைன்னா தாயோட சுத்தம் எப்படியோ" என்றாள். நான் நம்பினேன். எந்த நாளில் எந்தப் படியைத் தீட்டோடு மிதித்தேன் என்று யோசித்து யோசித்து, மீனை விட்டேன், முட்டையை விட்டேன், கோயில் முற்றத்தை முழங்காலால் தேய்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில நாள் பழம் வாங்கிக்கொண்டு கூடவும் வந்தாள். தாளை மாற்றியதைக் கூட ஒரு தாயின் பைத்தியம் என்று ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. இதை மன்னிக்கமாட்டேன்.

இப்போது அவள் ஏன் உங்களுக்கு எழுதுகிறாள் என்பதைச் சொல்கிறேன். இறந்த பிள்ளையின் பூட்டைக் கோயிலில் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். எனக்கு மனம் வரவில்லை. சின்-யீயின் சாம்பல் ஜாடிக்குள் அதை வைத்துத்தான் மூடச் சொன்னேன். ஆக, கோக்-லியாங்கின் பெயரும் பிறந்த நேரமும் எழுதிய தாள் இத்தனை வருடமாக அஸ்தி மாடத்தில், செத்தவர்களோடு இருக்கிறது. உயிரோடிருப்பவன் பெயர் அங்கே இருக்கலாமா? அவளே தன் கையால் அனுப்பிவைத்தாள். நான் வெறும் மூடி போட்டவள்.

ஜாடியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து எரிக்கும்வரை பையனுக்கு விடுதலை இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். ஜாடியைத் திறக்க அஸ்தி மாடத்தில் தகப்பன் முத்திரை கேட்கிறார்கள். உங்கள் முத்திரை என் அலமாரியில் இருக்கிறது.

உங்கள் அக்கா மறுநாளே வந்தாள். தன் தங்கக் காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" என்றாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்துக் கிண்ணத்தை வைத்தாள். பிறகு சொன்னேன். அன்று இருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஏழு அன்னையர் முன் மண்டியிட வேண்டும், யூ-லியென் சுத்தமானவள், அவள் பிள்ளையின் காவலைத் திருடியவள் நான் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்த மணியே முத்திரை கிடைக்கும். "ஊரே பாக்கவா? பெத்தவன் என் தம்பி, அவன் சொன்னா நீ குடுத்துத்தான் ஆகணும்" என்று எழுந்து போனாள். காப்பை நான் ஓடிப் போய் அவள் கையில் மாட்டிவிட்டு வந்தேன்.

அவள் மகனைப் பள்ளிக்கு விடுவதில்லை. தெருவைத் தாண்ட விடுவதில்லை. அவன் தும்மினால் பக்கத்து வீடுவரை அவள் அலறல் கேட்கிறது. ஆ-சுவான் பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறார். இதையெல்லாம் கேட்கும்போது எனக்குச் சோறு ருசிக்கிறது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நேற்று அவளுக்குத் தெரியாமல் கோக்-லியாங் வந்தான். உடைந்த பூட்டை ஒட்டி மறுபடி கழுத்தில் போட்டிருந்தான். "அத்தை, ஜாடியைத் தெறக்க வேணாம். அவ தூங்கட்டும். என் பேரு அவளுக்குத் தொணையா இருந்துட்டுப் போகட்டும்" என்றான். இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போகும்போது வாசலில் லேசாக இருமினான். அவன் தாய் அதைக் கேட்டிருந்தால் எப்படித் துடித்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு இஞ்சிக் கஷாயம் வைக்கத் தோன்றியது. அதற்குள் போய்விட்டான்.

சின்-யீயின் தாளை நான் எரிக்கவில்லை. பூஜை மேடையில் அவள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

கூரை ஒழுகல் சரி செய்தாயிற்று. உங்கள் முழங்கால் வலிக்கு மருந்துப் பட்டை தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், குளிரில் விடாமல் போடுங்கள்.

உங்கள் அக்கா உங்களைத் தூக்கி வளர்த்தவள், தெரியும். நீங்கள் கொடு என்று எழுதினால் முத்திரையைக் கொடுத்துவிடுவேன். உங்கள் சொல்லை நான் மீறியதில்லை. ஆனால் அவள் மண்டியிடாமல் அந்த ஜாடி திறந்தால், நீங்கள் திரும்பி வரும்போது கதவைத் திறக்க நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன்.

மாட்சு அன்னை உங்களைக் கரை சேர்க்கட்டும். உங்கள் கழுத்தில் கிடக்கும் வெள்ளித் தாயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை மூடும் முன் உள்ளே இருந்த தாளை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். உங்கள் பெயர்தான் இருக்கிறது.

கப்பல் கிளம்பும் முன் பதில் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

யூ-லியென்