மூக்குத்தி இடம் மாறிய படம்

1957 ஜூலை 7, ஞாயிறு
அப்பா தேத்தண்ணியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். "உங்கம்மா மொகம் சரியா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது, கோகிலா" என்றார்.

செத்துப்போன அம்மாவின் ஒரே படத்தை ஜப்பான்காரன் காலத்தில் பயந்து பெட்டியோடு புதைத்தோம். தோண்டியபோது கறையான் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அந்த முகம் அப்படியே இருக்கிறது. சிரிப்பை அடக்கினால் கன்னம் உப்பும். மீன்காரனிடம் சண்டை போட்டுவிட்டு அவனுக்கே தண்ணீர் கொடுப்பாள். அப்பா அடுத்த மாதம் மலாக்காவை விட்டுக் கப்பலேறி ஊருக்கு, அங்கே இருக்கும் அண்ணனிடம், போகிறார். இனி வரமாட்டார். முகம் இல்லாமலா அனுப்புவது?

ஜூலை 10
வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் வேறொரு பெண். ஒன்று சரியாக வந்தாலும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு? அண்ணனுக்கு?

ஜூலை 13
பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் புலம்பினேன். அவள் வீட்டுக்காரர் ஷரீஃபுதீனின் மளிகைக்கடை மூட்டைகளுக்கு முத்திரை செதுக்குவது அவள்தான். "செதுக்கிட்டா எத்தன வேணும்னாலும் எடுக்கலாம்ல? மெஷினெல்லாம் வேணாம்" என்றாள். தரைக்குப் போட்டு மிஞ்சிய லினோலியத்தில் ஒரு துண்டு கொடுத்தாள். உடைந்த குடைக்கம்பியைத் தீட்டினால் உளி. வெயிலில் காயவைத்தால் லினோலியம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுமாம்.

வெண்ணெயா! விரலில் ரத்தம்.

ஜூலை 28
லினோலியத்தின் மேலேயே பென்சிலால் வரைந்தேன். அம்மா! அவளேதான். எனக்கு அழுகை வந்தது. அப்பாவைப் பின்கட்டுக்கு வரவிடாமல் கோட்டின் மேலேயே செதுக்குகிறேன். வலப்பக்க மூக்குத்திக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போனது.

ஆகஸ்ட் 11
மையைக் கண்ணாடிப் புட்டியால் உருட்டித் தடவினேன். சீனன் கடை மெல்லிய தாளை மேலே போட்டு, கரண்டியின் முதுகால் தேய்தேயென்று தேய்த்தேன். ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தால் —

யார் இவள்? மூக்குத்தி இடது பக்கம். முந்தானை வலது தோளில், வடக்கத்திச் சேட்டம்மா மாதிரி. அச்சில் எல்லாமே இடம் வலமாக மாறிப் போச்சு!

ஜமீலா வாயில் கை வைத்தாள். "எங்க மார்க்கு ஈச்ச மரம்ல? ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும். எனக்கு எப்புடிடீ தெரியும்?"

அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம். பென்சில் கோடும் செதுக்கலோடு போய்விட்டது. கப்பலுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஆகஸ்ட் 12
மறுபடி வரைந்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 14
பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால், பின்கட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த தாளுக்கு முன்னால் அப்பா நிற்கிறார். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறார்.

"தப்பாப் போச்சுப்பா. எல்லாம் பக்கம் மாறிடுச்சு."

"எது தப்பு? நான் பார்த்தது இப்படித்தானே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கொங்சி வீட்டுல, ஒரே கூரைக்குக் கீழ, நம்ம சொந்தக்காரங்க அத்தனை பேரு. அவங்க முன்னால பொண்டாட்டி மொகத்த நேராப் பாக்க முடியுமா? காலையில அவ கண்ணாடியில பொட்டு வைப்பா. தலை சீவுற சாக்குல நான் பின்னால நிப்பேன். கண்ணாடிக்குள்ளதான் ரெண்டு பேரும் பாத்துக்குவோம்."

இதை அப்பா எனக்குச் சொன்னதே இல்லை. அம்மாவும்தான்.

ஆகஸ்ட் 17
கப்பல் போய்விட்டது. தாளைச் சுருட்டி, யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். அண்ணனுக்கு இன்னொரு அச்சு பெட்டியில்.

ஆகஸ்ட் 31
சுதந்திரம் வந்துவிட்டது. மலாக்கா முழுக்கக் கொடி. கூட்டத்தில் ஜமீலா என் கையை விடவே இல்லை. தொண்டை கட்ட "மெர்டேக்கா" கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா இல்லாத வீடு.

எனக்கென்று எடுத்த படத்தை, நிலைக்கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். தலை பின்ன உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் என் தோளுக்குப் பின்னால் அம்மா, வலது மூக்கில் மூக்குத்தியோடு.