அலுமாரிக் கேஸ்

தெரணியகலை
4.7.2004

அன்புள்ள விஜிக்கு,

சசி எழுதுவது. இங்கே மழையைத் தவிர வேறு குறையில்லை. ஓப்பநாயக்கவில் நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறி ஒரு கிழமை ஆகிறது. மாமாவின் கடைக்கு டெலிபோன் கோல் எடுத்தால் மாமாதான் எடுப்பார் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

அலுமாரி விஷயத்தில் உன் கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். கண்ணாடி வைத்த கதவை நான் தொடவே இல்லை. அது உன் பக்கம். நான் வெட்டியது என் பக்கத்துக் கதவை. அந்தப் பக்கத்தில் இரண்டு சாரமும் கல்யாணக் கோட்டும்தான் கிடக்கின்றன. அவற்றுக்குக் கதவு எதற்கு?

பாறூக் நானா கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்த பழைய கம்ப்யூட்டருக்கு உள்ளே எல்லாம் இருந்தது, வெளியே மூட ஒன்றும் இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தக் கூட்டைத்தான் கடைகளில் கேஸ் என்று சொல்கிறார்கள். இரும்புக் கேஸ் வாங்கினால் இந்த ஊர் மழைக்கு எப்படியும் துருப்பிடிக்கும். பலாப்பலகைக்கு ஒன்றும் ஆகாது. மாமா சீராகத் தந்த அலுமாரியில் இருப்பது மாதிரிப் பலகை இந்தப் பக்கத்தில் மரம் விற்கும் மரக்காலை எதிலும் கிடையாது. இதை நீ அவரிடம் பெருமையாகவே சொல்லலாம்.

கேஸ் அழகாக வருகிறது. கதவின் கைப்பிடியும் பூட்டும் முன்பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. சுவிட்சுக்குக் கோலிங் பெல் பட்டன் பூட்டியிருக்கிறேன். அடுத்த வீட்டு பஸ் கொண்டக்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மல்லி, மேக்க அல்மாரியக்த?" என்று கேட்டார். இது அலுமாரியா என்று அவருக்குச் சந்தேகம். போன மாதம் வரை அலுமாரி, இப்போது கம்ப்யூட்டர் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

இது முடிந்தால் பாறூக் நானா கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புத் தொடங்கலாம். பிறகு நான் காலம் முழுக்க ஊராரின் ரேடியோவைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சசி


ஓப்பநாயக்க
10.7.2004

திரு. சசிக்குமார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பலகை நலமாக இருப்பதை அறிந்தேன்.

அம்மாவின் முழங்கால் வலியைச் சாட்டாக வைத்துத்தான் இங்கே இருக்கிறேன். அம்மாவோ, நான் ஆடிக்கு வந்திருப்பதாக அயலில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆடி பிறக்க இன்னும் ஒரு கிழமை இருக்கிறதே என்று அவர்களும் கேட்கிறார்கள். அலுமாரி வெட்டுப்பட்ட கதை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தை மாதம் லொறியில் ஏற்றிவிட்ட அலுமாரியை ஆனி மாதம் ரம்பத்தால் அறுத்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அப்பா படுத்த படுக்கையாகிவிடுவார்.

இந்த அழகில் புதன்கிழமை பாறூக் நானா அப்பாவின் கடைக்குக் கோல் எடுத்திருக்கிறார். உங்களுக்கு உதவி செய்கிறாராம். "சசி தம்பி கேஸ் விஷயமா ராப்பகலா பாடுபடுறாரு. கேஸ் முடிஞ்சதும் வருவாரு, தங்கச்சிய கவலப்பட வேணாம்னு சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதைக் கேட்டுவிட்டு அப்பா, சீனி வாங்க வந்தவருக்கு உப்பை நிறுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார்: "நம்ம புள்ள மேல டிவோஸ் கேஸ் போட்டுட்டான் ஜெயம்மா."

மறுநாளே இரத்தினபுரிக்குப் போய் ஒரு லோயரைப் பிடித்தார். அந்த ஊர் நீதிமன்றத்தில் உங்கள் பேரில் கேஸ் ஒன்றும் இல்லையாம். இல்லையென்றால் நிம்மதி அடைய வேண்டியதுதானே? அப்பா அடையவில்லை. கேகாலையில் இரகசியமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டார். நீங்கள் இத்தனை கெட்டிக்காரர் என்று அவர் நினைக்கவே இல்லையாம்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருஷன்காரன் பெண்டாட்டியை மறந்துவிட்டு ஒரு மரப்பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சொல்வதைவிட, கேஸ் போட்டிருக்கிறான் என்று நினைக்கவிடுவது எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

இப்படிக்கு,
விஜயகலா
(கண்ணாடிக் கதவுக்கு மட்டும் சொந்தக்காரி)


தெரணியகலை
15.7.2004

என் அன்பு விஜிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்குக் கைகால் ஓடவில்லை. பாறூக் நானாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மிகவும் வருந்தினார். உடனே மாமாவுக்குக் கோல் எடுத்து விளக்குகிறேன் என்று ரிசீவரைத் தூக்கினார். கையெடுத்துக் கும்பிட்டு அவரைத் தடுத்தேன். தயவுசெய்து நீயே சொல்லிவிடு. டிவோஸ், விவாகரத்து என்ற பேச்சே நமக்கு வேண்டாம்.

இங்கேயும் ஒரு தலையிடி. கேஸ் முடிந்துவிட்டது. வார்னிஷ் காய்வதற்குள் அவசரப்பட்டு ஓட்டிப் பார்த்ததில் சூடேறி நம் லய வீட்டு வரிசை முழுக்க வாடை. கொண்டக்டர் வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசினாள். விசிறிக்கு விட்ட ஓட்டை வழியாகக் கரப்பான் உள்ளே போனதால் மாவரிக்கும் அரிதட்டின் வலையை வெட்டி அடித்திருக்கிறேன். அரிதட்டு பழையதுதான். அதையும் உன்னைக் கேட்காமல் வெட்டியதற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் ஓடியது விஜி. திரையில் எழுத்து வந்தது. சந்தோஷத்தில் பெட்டியின் கதவை அழுத்திச் சாத்தினேன். நம் அலுமாரிப் பூட்டு உனக்குத் தெரியும்தானே, அழுத்தினால் தானாக விழுந்துவிடும். விழுந்துவிட்டது. சாத்திய அதிர்ச்சியில் உள்ளே ஏதோ வயர் கழன்றிருக்கிறது. இப்போது பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது. சாவிக்கொத்தை நீ இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாய்.

வகுப்புக்குப் பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள். பூட்டை உடைத்துவிடலாம் என்று பாறூக் நானா உளியோடு வந்தார். நான் விடவில்லை. இனி உன்னைக் கேட்காமல் அந்த அலுமாரியின் ஓர் ஆணியைக்கூடத் தொட மாட்டேன். ஆகையால் சாவியைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பவும்.

அன்புடன்,
சசி


ஓப்பநாயக்க
21.7.2004

அத்தானுக்கு,

பெண்டாட்டியும் ஓப்பநாயக்கவில் இருக்கிறாள், சாவியும் ஓப்பநாயக்கவில் இருக்கிறது. இரண்டில் உங்களுக்கு அவசரமாக வேண்டியது சாவி. தெரிந்துகொண்டேன்.

ஒன்றை விளங்கச் சொல்கிறேன். நான் பலகைக்காகப் பஸ் ஏறவில்லை. அன்றைக்குப் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டு வந்தேன். கதவு தரையில் கிடந்தது. நீங்கள் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "அளவு அச்சா சரியா இருக்கு விஜி" என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரு வார்த்தை முன்னால் கேட்டிருந்தால் பலகையின் மறுமுனையை நானே பிடித்திருப்பேன். கேட்கவில்லை. எனக்குத் தந்த சீரையே என்னைக் கேட்காமல் அறுக்கலாம் என்றால், அந்த வீட்டில் நான் யார் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. நீங்கள் அதையும் பார்க்கவில்லை. ஆணி தேடிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறீர்கள். வார்னிஷ் வருகிறது, விசிறி வருகிறது, கரப்பான்கூட வருகிறது. என்னை வா என்று மட்டும் எழுத வரவில்லை.

இங்கத்தைய செய்தி: லோயர் கேகாலையிலும் தேடிப் பார்த்துவிட்டார். கேஸ் அங்கேயும் இல்லை. அதனால் அப்பாவுக்குப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கேஸ்தான் ஆபத்தானது என்கிறார். கேஸை வாபஸ் வாங்குவதாக நீங்கள் கையெழுத்து வைத்துத் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆடி முடிந்தாலும் என்னை அனுப்புவதில்லையாம். நீங்கள் கேஸில் தோற்க வேண்டும் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

சாவி பத்திரமாக இருக்கிறது. அனுப்புவதாக இல்லை.

விஜயகலா


தெரணியகலை
26.7.2004

என் விஜி,

நீ எழுதியதெல்லாம் சரி.

மாமா கேட்டபடி தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். "மேற்படி கேஸை நான் முழுமனதோடு வாபஸ் பெறுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். இது மாமாவைச் சமாளிக்க எழுதியது அல்ல. பெட்டியைக் கழற்றி, பலகைகளை ஒட்டி, மறுபடி கதவாக்கி மாட்டிவிடுகிறேன். தழும்பு தெரியும். ஆனாலும் அலுமாரிக்கு இரண்டு கதவும் இருக்கும். வகுப்பு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லி பாறூக் நானாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் முகம் வாடிவிட்டது. பரவாயில்லை. ரேடியோ வேலை இருக்கிறது.

அந்தப் பெட்டி ஓடிய அன்றைக்குக் கூப்பிட்டுக் காட்ட வீட்டில் யாரும் இல்லை. கொண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நல்லது என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். சோறு ஆக்கினேன், அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

வா விஜி. ஆடியென்றாலும் வா. வருவாயா என்று உன்னைக் கேட்கிறேன்.

உன்
சசி

பி.கு: கழற்றுவதற்கும் சாவி வேண்டும். ஆனால் அதை நான் கேட்கவில்லை.


ஓப்பநாயக்க
1.8.2004

என் அன்புள்ள அத்தானுக்கு,

வாபஸ் கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிவோஸும் இல்லை ஒன்றும் இல்லை, கேஸ் என்றால் கம்ப்யூட்டருக்குப் போடும் பெட்டி என்றேன். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு பிளேன்டீ கேட்டார். இரண்டு வாய் குடித்துவிட்டு, மருமகன் அந்தப் பெட்டியை எதில் செய்தார் என்று ஆசையாக விசாரித்தார்.

சொன்னேன்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "அப்ப நாந்தான் அவன் மேல கேஸ் போடணும்" என்றார். நிஜமாகவே லோயருக்குக் கோல் எடுத்தார். அலுமாரிக் கதவை வெட்டியதற்கெல்லாம் மருமகன் மீது கேஸ் போட முடியாது என்று லோயர் சொல்லிவிட்டாராம். அம்மா சிரித்த சிரிப்பில் அப்பாவும் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் உங்களை நேரில் கண்டால் சும்மா விடப்போவதில்லை. அதற்குத் தயாராக இருங்கள்.

பெட்டியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அலுமாரியும் இருக்காது, கம்ப்யூட்டரும் இருக்காது. பிள்ளைகளிடம் வகுப்பு உண்டு என்று சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெல்மதுளையில் தட்டெழுத்துப் படித்தேன், தமிழும் இங்கிலீசும் பார்க்காமலே அடிப்பேன். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதில்லை.

வா என்று எழுதிய இடத்தில் பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இங்கே இருக்க முடியவில்லை. ஆடி முடியட்டும் என்று அம்மா சொல்கிறாள். ஆடி முடியும்வரை என்னால் பொறுக்க முடியாது என்று அம்மாவிடமே சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு, அவிசாவளையில் மாறி, மத்தியானம் தெரணியகலை பஸ் நிலையத்தில் சாவியோடு நேரில் ஆஜராகிறேன். நீங்களும் ஆஜராக வேண்டும். வேறு நாள் தாருங்கள் என்று தவணை கேட்கக் கூடாது.

உங்கள்
விஜி