கோணல் சுண்டு விரல்

சென்னை
6.8.1979

அன்பு மனைவி ஆதிலட்சுமிக்கு,

இங்கு சுகம். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுதக்கூடாதா? நான் வரைந்த மில் முதலாளி மனைவியின் படத்தை வாரப் பத்திரிகை அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். இப்போது பெரிய வீட்டுப் பெண்கள் எல்லாம் என்னிடம் வரைந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள். வீடும் பெரியதுதான், பேசத்தான் ஆள் இல்லை. ஆறு வருஷக் கோபம் போதும், வந்துவிடு.

உன்
இராமலிங்கம்

திருவண்ணாமலை
14.8.1979

அன்புள்ள மாமாவுக்கு,

செங்கம் ரோட்டு வாடகை அறையில் தையல் மிஷினோடு நலமாக இருக்கிறேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைக்கவே பொழுது சரியாக இருக்கிறது. பக்கத்து அறை சரசுதான் அந்த அட்டையை நீட்டினாள். "இது உங்க கைதானேக்கா? சுண்டு விரலப் பாருங்க" என்றாள். கிணற்று ராட்டினத்தில் சிக்கிக் கோணிய என் விரல் அந்தம்மாளுக்கு எப்படி வந்தது?

ஆதிலட்சுமி

சென்னை
20.8.1979

அன்பு ஆதிலட்சுமிக்கு,

பிடித்துவிட்டாய். அவர்கள் முகத்துக்கு மட்டும்தான் உட்காருவார்கள். கையை அப்புறம் நானே போட்டுக்கொள்வேன். பார்க்காமல் எனக்கு வருவது உன் கை ஒன்றுதான். இந்தத் தடவை கோணலை நேராக்க மறந்துவிட்டேன். அட்டையைப் பார்த்து நாலு பேர் விரலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்களாம், அந்தம்மாள் படத்தையே திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு வருத்தமில்லை. நீ வந்தால் உன் முகத்தையும் வரைவேன்.

உன்
இராமலிங்கம்

திருவண்ணாமலை
29.8.1979

அன்புள்ள மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். உங்களோடு இருந்த ஒன்பது வருஷமும் காப்பி வைக்கும்போதும் சோறு போடும்போதும் என் கையைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தீர்களா என்பதுதான் என் சந்தேகம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் மச்சம் எந்தக் கன்னத்தில்? சரியாக எழுதுங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

ஆதிலட்சுமி

சென்னை
4.9.1979

அன்பு ஆதிலட்சுமிக்கு,

முகம் வரைந்தே பேர் வாங்கியவனுக்குப் பரீட்சையா? இடது கன்னம், கண்ணுக்குக் கீழே, கடுகளவு. மறப்பேனா? என்றைக்கு வருகிறாய் என்று எழுது, பஸ் ஸ்டாண்டுக்குக் கார் அனுப்புகிறேன்.

உன்
இராமலிங்கம்

திருவண்ணாமலை
12.9.1979

அன்புள்ள மாமாவுக்கு,

கார் அனுப்ப வேண்டாம். என் முகத்தில் மச்சமே கிடையாது. "உனக்கு ஏது மச்சம்?" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்நேரம் அங்கே இருந்திருப்பேன்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். பௌர்ணமிக்குள் நாலு சட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். கையை வேண்டுமானால் வரைந்துகொள்ளுங்கள். விரலை மட்டும் மறக்காமல் நேராக்கிவிடுங்கள்.

ஆதிலட்சுமி