கெம்பர் வானுக்கு ஒரு ஹீற்றர்

2009 ஜனவரி 17, சனி

காலையில் மைனஸ் இருபத்தாறு. வானின் பின்பக்க ஹீற்றர் செத்துவிட்டது. கோடையில் மீன் பிடிக்கப் போகும்போது அது தேவைப்படவில்லை, அதனால் கவனிக்கவும் இல்லை.

அடுத்த சனி ஒட்டாவாவுக்குப் போக வேண்டும். வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கப் போகிறார்கள். இளம் ஆட்கள் நிற்பார்கள். வயது போனவர்கள்? இடைக்கிடை ஏறியிருந்து குளிர்காய ஓர் இடம் வேண்டும். எங்கள் ஆட்களில் கெம்பர் வான், உள்ளே கட்டில் போட்ட வான், வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். வாயைக் கொடுத்துவிட்டேன்: "ஹீற்றரை நான் பாக்கிறன்."

கீழ்வீட்டுச் சண்முகலிங்கம் அண்ணையும் மனோன்மணி அக்காவும்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள். அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. அவர்களின் மகள் வினோஜா குழந்தைகளோடு வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம். பதினொரு நாளாகப் போன் இல்லை.

ஜனவரி 19, திங்கள்

வேலை முடிந்து அருமைராசாவிடம் போனேன். பத்து வருடமாக நீண்ட தூர லொறி ஓடுகிறவன், குளிரில் படுத்தெழும்பிப் பழகியவன்.

"எங்கட லொறியில டீசல் ஹீற்றர் அண்ணை. அருமையான சாமான். ஆனா உங்கட வான்ர விலையை விடக் கூட."

மின்சார ஹீற்றர் வாங்கினால் ஒட்டாவா றோட்டோரத்தில் எங்கே கொழுவுவது? எஞ்சினை ஓடவிட்டால் முன் சீற்றுக்கு மட்டும்தான் சூடு வரும். மிச்சம் இரண்டு. ஒன்று, கெம்பர்களுக்கென்றே செய்த காஸ் ஹீற்றர். வெளிக்காற்றை எடுத்து எரித்து, புகையையும் வெளியே விட்டுவிடும். பழைய சாமான் கடைகளில் மலிவாகத் தேடிப் பிடிக்கலாமாம். ஆனால் வானின் பக்கத்தில் துளை போட்டுப் பூட்ட வேண்டும், இரண்டு மூன்று வாரம் செல்லும். மற்றது, சின்னச் சிலிண்டரில் பூட்டிப் பற்றவைக்கிற கையடக்க ஹீற்றர். இன்றைக்கே வாங்கி இன்றைக்கே வைக்கலாம். எல்லாவற்றிலும் மலிவு.

"அதை மட்டும் வாங்காதேங்கோ அண்ணை. எரியிற புகை முழுக்க உள்ளுக்கைதான் நிக்கும்."

சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான். மூன்று வாரத்துக்கு எங்கே போவது?

ஜனவரி 22, வியாழன்

கையடக்க ஹீற்றரைத்தான் வாங்கினேன். யன்னலைச் சற்றுத் திறந்து வைக்கவும் என்று பெட்டியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. திறந்து வைத்தால் சரிதானே?

மனைவி செல்வமலருக்குப் பிடிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். "அருமைராசா வேண்டாமெண்டு சொன்னதை ஏன் வாங்கினீங்கள்?" என்று கேட்டாள். ஒரு நாள்தானே என்றேன். அவள் வெளியே போய், நச்சுக் காற்று சேர்ந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கி வந்து, வானில் கட்டிலுக்கு மேலே தன் கையாலேயே பூட்டினாள்.

ஜனவரி 23, வெள்ளி

அரை மணி நேரம் எரித்துப் பார்த்தேன். நல்ல சூடு. தலையிடி ஒன்றும் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஒட்டாவாவில் வானை நிறுத்தி ஹீற்றரைப் பற்றவைத்தேன். சனம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கதவு அடிக்கடி திறந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் குளிர் கூடியது. சண்முகலிங்கம் அண்ணையும் அக்காவும் மட்டும் உள்ளே இருந்தார்கள். யன்னலால் காத்து ஊதுது தம்பி, கால் விறைக்குது என்றார் அக்கா. யன்னலைப் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்தியது. காலையிலும் ஒருக்கால் கத்தி நின்றிருந்தது. குளிருக்குப் பற்றறி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேனா? அப்படி நினைக்க விரும்பினேனா? அண்ணை கண்ணை மூடிப் படுத்திருந்தார், சத்தம் அவரை எழுப்பிவிடும். பற்றறியைக் கழட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

நாற்பது நிமிடத்தால் திரும்பி வந்தேன். அக்கா கதவடியில் சரிந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணையைக் கூப்பிட்டேன். அசைவில்லை. முகம் சிவந்து கிடந்தது. ஐயோ, நான் என்ன செய்து போட்டன்? கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வெளியே பனியில் கிடத்தினேன். ஆரோ அம்புலன்சுக்கு அடித்தார்கள். மூச்சு இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். ஆறு மணிக்குக் கண் திறந்தார். அலாரம் வைக்கவில்லையா என்று வைத்தியர் கேட்டார்.

"இருந்தது. பழுது" என்றேன்.

ஜனவரி 28, புதன்

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பின்னேரம் மனோன்மணி அக்கா மேலே வந்தார். ஒரு டப்பா நிறைய, எண்ணெயில் பொரித்த பால்ரொட்டி.

"நீங்கள் அந்த நேரம் வராட்டி இவர் இல்லை தம்பி."

ஒன்று எடுத்து வாயில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, முழுவதையும் தின்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

செல்வமலர் அலாரத்தைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். பழுதான சாமானை விற்று ஆளைக் கொல்லப் பார்த்தார்கள் என்று அவளுக்குக் கோபம். நான் தொழிற்சாலையில் நின்றேன், எனக்குத் தெரியாது.

வந்து கதவைத் திறந்ததும் மேசையில் அலாரம் இருந்தது.

"கடைக்காரன் திறந்து பாத்தா உள்ளுக்கை பற்றறியே இல்லை, புதுசு போட்டுப் பட்டனை அமத்தினான். நல்லாத்தான் கத்துது" என்றாள். பிறகு, "ஆர் கழட்டினது?"

நான் என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அந்த மனிசி எங்களுக்குப் பலகாரம் சுட்டுத் தந்தது. நீங்கள் வாங்கிச் சாப்பிட்டீங்கள்" என்று மட்டும் சொன்னாள். போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 31, சனி

இரண்டு தடவை படியிறங்கினேன். இரண்டு தடவையும் திரும்பி ஏறினேன்.

பெப்ரவரி 1, ஞாயிறு

போனேன். அண்ணை கதிரையில் இருந்தார், மடியில் போன். இருக்கச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். அலாரம் பழுதில்லை. பற்றறியைக் கழட்டியது நான். யன்னலைப் பூட்டியதும் நான். வைத்தியருக்குச் சொன்னது பொய்.

அவர் மடியில் கிடந்த போனை எடுத்துக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை.

"வினோஜாவுக்கு இந்த ஒரு நம்பர்தான் பாடம். ஷெல்லடிக்கை பங்கருக்குள்ள இருந்து எப்ப எடுப்பாளோ தெரியாது. நாங்கள் ரெண்டு பேரும் உன்ர வானுக்கை செத்திருந்தா, அந்தப் பிள்ளை ஆரைக் கூப்பிடும்?"



குசினி வாசலில் அக்கா நின்றார். "நான் பால்ரொட்டி சுட்டுக்கொண்டெல்லோ வந்தனான்" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல். பிறகு, "போங்கோ தம்பி."

பெப்ரவரி 3, செவ்வாய்

ஒட்டாவா ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, வைத்தியருக்கு உண்மையைச் சொல்லி வைத்தேன். கையடக்க ஹீற்றரை இன்னொருவன் எடுத்துவிடக் கூடாது என்று நெளித்துக் குப்பையில் போட்டேன்.

பெப்ரவரி 14, சனி

அருமைராசா வந்தான். எல்லாம் தெரிந்தும் வந்தான். நகரத்துக்கு வெளியே பழைய கெம்பர்கள் உடைக்கிற இடத்தில், புகை வெளியே விடுகிற ஹீற்றர் ஒன்று கிடைத்தது. பிரெஞ்சுக்காரக் கிழவர் அதைப் பற்றவைத்துக் காட்டினார். நீல நிறச் சுவாலை. மஞ்சளாக எரிந்தால் நச்சுக் காற்றாம். அதைப் பார்க்க வேண்டும் என்று அருமைராசா முதலே சொல்லியிருந்தான். ஹீற்றரின் காற்றாடிக்கு வானில் இரண்டாவது பற்றறி வேண்டும். வானின் பக்கத்தில் நான் வாள் வைத்தேன், கோடு கோணியது. அவன் வாங்கி வெட்டினான்.

பெப்ரவரி 20, வெள்ளி

காஸ் வேலைக்கு அனுமதிப் பத்திரம் உள்ளவரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். ஓரிடத்தில் குமிழி வந்தது. கழட்டி மறுபடி இறுக்கினார். நானே பூட்டி அப்படியே விட்டிருந்தால்?

பெப்ரவரி 22, ஞாயிறு

மூன்று மணி நேரம் வானுக்குள் தனியாக இருந்தேன். ஹீற்றர் எரிய, அலாரம் தலைக்கு மேலே. செல்வமலர் பத்து நிமிடத்துக்கொருமுறை வந்து யன்னலில் தட்டினாள். அவள் இந்த மூன்று வாரத்தில் என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 7, சனி

ஒட்டாவாவில் மறுபடி ஆர்ப்பாட்டம். வான் வெறுமையாகப் போய் வெறுமையாக வந்தது. ஒருவரும் ஏறவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வினோஜா போன் எடுத்தாளாம். நாற்பது செக்கன். மனோன்மணி அக்கா படிக்கட்டில் நின்று செல்வமலருக்குச் சொன்னார். நான் மேலே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

ஏப்ரல் 11, சனி

அந்த நாற்பது செக்கனுக்குப் பிறகு வினோஜாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

இன்றைக்கும் ஒட்டாவா ஆர்ப்பாட்டம். காலை ஆறு மணிக்குக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. சண்முகலிங்கம் அண்ணை, கோட்டும் தொப்பியுமாக. "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறாய்?" என்று கேட்டார். இப்பவே என்றேன்.

வானுக்குள் ஏறி, பக்கத்தில் வெட்டிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வெளியே போய்ப் புகை வருகிற வாயைக் குனிந்து பார்த்தார். பின் சீற்றில் இருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் முன்னால் வந்து இருந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும் தன் பக்க யன்னலை ஒரு சாண் இறக்கினார்.

வெளியே ஈரப்பனி. இரண்டு மணி நேரமும் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அவருக்கு மூக்கு வடிந்தது, எனக்கு ஸ்டியரிங்கில் விரல் விறைத்தது. யன்னலைப் பூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.