ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

பாய்சாந்து, உருகுவே, ஜூன் மாதம்

அன்புள்ள ரமிரோவுக்கு,

நான் நலம், என் முழங்கால்கள் மட்டும் இதற்கு உடன்படவில்லை. வலென்சியாவில் நீயும் நலமாக இருப்பாய் என எண்ணுகிறேன். வியாழனன்று குடும்ப நீதிமன்றத்தில் நடந்ததை உன் வழக்கறிஞர் தம் போக்கில் சொல்லியிருப்பார். நடந்தபடி நான் எழுதுகிறேன்.

மகள் ஹிமேனாவை ஸ்பெயினுக்கு அழைத்துக்கொள்ள நீ கேட்டிருந்தாய்; அவள் தாய் மரியேலா குழந்தையை உன்னோடு பேச விடுவதில்லை என்பதே உன் மனுவின் முதுகெலும்பு. நான் உன் தரப்புச் சாட்சி. கேட்டதற்குப் பதில் சொல்லி, கேட்காததை விழுங்கிவிடலாம் என்றுதான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். ஆனால் நீதிபதி முதலில் குழந்தையைத் தனியே அழைத்துப் பேசினார், பிறகு அவள் சொன்னதை எங்கள் முன் வாசித்தார்: "அப்பா கூப்பிட்டப்புறம்தான் பாட்டி ராவியோலிய வெந்நீர்ல போடுவாங்க. நிறைய நாள் அப்பா கூப்பிடவே மாட்டாரு. அப்போ ரொட்டியும் சீஸும்தான். உங்கப்பன் ஊர்ல கடிகாரமெல்லாம் செத்துப்போச்சு போலன்னு பாட்டி சொல்வாங்க." யாரோ சிரித்தார்கள். வழக்கு முடியும்வரை ஞாயிறு நண்பகலில் என் வீட்டிலிருந்து அவள் உன்னோடு காணொளியில் பேசலாம் என்பது நீதிமன்றம் முன்பே போட்டிருந்த உத்தரவு. மரியேலா ஒரு வாரமும் தவறாமல் அவளுக்குத் தலைவாரிக் கொண்டுவந்து விட்டாள். மாவுக்குள் பூரணம் வைத்த ராவியோலி வெந்தபின் காத்திருந்தால் குழைந்துவிடும், நீயும் திரையில் எங்களோடு ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும் என்று நான் செய்த ஏற்பாடு உனக்கு எதிரான சாட்சியம் ஆகிவிட்டது.

குழந்தை சொல்வது உண்மையா, அழைப்பை யாராவது தடுத்தார்களா என்று நீதிபதி என்னைக் கேட்டார். உண்மை, யாரும் தடுக்கவில்லை, அவன் கூப்பிடவில்லை என்றேன். உன் வழக்கறிஞர் வெளியே வந்ததும், "என்னம்மா, நம்ம ஆளுன்னு கூப்பிட்டா இப்படிக் கவுத்துட்டீங்களே" என்றார். "பொய் சொல்லணும்னா சத்தியம் வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

தீர்ப்பு இதுதான்: ஹிமேனா தாயிடமே வளர்வாள். ஜனவரி விடுமுறையில் பாதி உனக்கு, ஆனால் உருகுவேக்குள்ளேயே. ஞாயிறு அழைப்பு தொடரும், இனித் தாயின் வீட்டுக்கு. மரியேலாவுக்குத் தலைநகர் மொண்டேவிடியோவில் மருத்துவமனை வேலை கிடைத்திருக்கிறது. இம்மாத இறுதியில் இருவரும் போகிறார்கள். வழக்கு முடிந்தால் ஹிமேனா என் வீட்டுக்கு வருவதும் முடியும் என்பது சாட்சிக் கூண்டில் நிற்கும்போதே எனக்குத் தெரியும். படிக்கட்டில் மரியேலா தன் மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டி, "குடிங்க அத்தை, முகமே வெளுத்துப்போச்சு. லீவு விட்டா அனுப்பறேன், சத்தியமா" என்றாள். நல்ல பெண். அங்கிருந்து இங்கே வரும் நீண்ட பேருந்துப் பயணத்தை ஒரு குழந்தை எத்தனை முறை தாங்கும் என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

என்மேல் கோபமிருந்தால் வைத்துக்கொள், கெட்டுப்போகாது. மேல்முறையீடு என்று குழந்தையை இன்னொரு முறை அந்த அறையில் உட்காரவைக்காதே. ஜனவரிக்கான விமானச் சீட்டை இப்போதே எடு. குளிர் வந்தால் கம்பளி உள்ளாடை அணி, சிகரெட்டைக் குறை.

நீ நன்றாயிரு, உன் மகளுக்கு நல்ல தகப்பனாயிரு. மரியேலாவின் புது எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். ஞாயிறு நண்பகலில் பழக்கத்தில் உன் விரல் என் எண்ணுக்குப் போனால் நான் எடுக்கமாட்டேன். மணி அடித்து ஓயட்டும். நீ உடனே மகளைக் கூப்பிடு.

உன் அம்மா,
எல்விரா