அம்மன் திருப்பி அனுப்பிய சீனி

மாமா,

நான் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் வாங்கப் போகிறேன். பவளத்துக்குக் காலை ஊசி போட்டாயிற்று. உடனே சாப்பிட வையுங்கள்.

பெற்ற மகளுக்கு இனிப்பு நீர் நோய் என்றால் யாராவது மாரியம்மனுக்கு எடைக்கு எடை சீனி நேர்ந்துகொள்வார்களா? பூசாரியும், "பாவம், சீக்குப் புள்ள, சாப்புடட்டும்" என்று துலாபாரச் சீனி முழுவதையும் பிரசாதமாக நம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மூட்டையை உங்கள் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன். எறும்புகளோடு நீங்களே படுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியால் உடம்பில் சீனி ரொம்ப இறங்கி, பிள்ளை வேர்த்து நடுங்கினால் மட்டும் அதில் ஒரு கரண்டி கொடுங்கள். அம்மனைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

வள்ளிக்கண்ணு

பி.கு.: எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் நேற்றுத் தராசில் உட்கார்ந்ததும், வாங்கி வந்த சீனி போதவில்லை. இன்னும் வாங்கக் கடைக்கு ஓடினீர்களே, அப்போது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.