வலது தோளுக்கு ஏறிய சாமி

மாசி மகம், இரவு

எழுதாவிட்டால் தூக்கம் வராது. வலை இழுத்து இழுத்து என் வீட்டுக்காரருக்கு வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. போன மாதம் சிதம்பரத்தில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்து, அதிலிருந்த ஸ்டெம் செல்லைத் தோளில் போட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் மனுஷன். பலன் கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது, பாரம் மட்டும் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து தலை வாரிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் நான்தான்.

இன்று சாமி கடலுக்குப் புறப்பட்டது. "நல்ல தோள்லதான் தூக்கப் போறேன்" என்று கிளம்பினார். நானும் நம்பித் தொலைத்தேன். பாதி வழியில் எல்லாரும் தோள் மாற்றுவார்களே, அது எனக்குத்தான் தோன்றவில்லை. வருஷா வருஷம் தூக்குகிறவருக்குத் தெரியாதா? மஞ்சக்குப்பம் திருப்பத்தில் குரல் கொடுத்ததும் பல்லக்கு அவர் வலது தோளுக்கு ஏறியது. கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "கையத் தூக்க முடியல. தலைக்குத் தண்ணி ஊத்தி உடு" என்றார்.

"சாமியத் தூக்குன தோளு, சொம்பத் தூக்காதா மாமா?"

சொம்பை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.